சக்கரத்தில் ஐம்பத்தெட்டு

நவம்பரில் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தேன்.
ஆஸ்வெஸ்ட்ரியில் மழை. கராஜின் தகரத்தில்
யாரோ ஆணிகளைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து சி.சி.:
வாசலில் வைத்துப்போகும் பால்புட்டி
இரண்டேகால் பிடிக்கும் இடம்.
அதற்குள் எத்தனை குதிரைகளை அடைக்கலாம் என்பதே
அந்தக் குளிர்காலம் முழுக்க என் கவலை.

சிலிண்டர் ஹெட்டை ஒரு நகத்தின் கனம் சீவி வாங்கினேன்.
கேம் ஷாஃப்டை மாற்றினேன்.
புகை வெளியேறும் குறுகிய தொண்டையைக் கழற்றி எறிந்து
மூன்று விரல் விரித்தாற்போல் ஒரு மேனிஃபோல்டு.
எவ்வளவு ஆச்சு என்றான் செல்வின்.
இருநூறு, என்றேன்.
ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்.

பிறகு அந்த இரட்டை கார்புரேட்டர்கள்.
ரப்பர் குழாயின் ஒரு முனை என் காதில்,
மறுமுனை அவற்றின் வாயில்:
இடது சீறுகிறது, வலது பெருமூச்சு விடுகிறது.
அரைத் திருகு. மறுபடி காது.
இன்னொரு அரைத் திருகு.
இரவில் செல்வினின் மூச்சையும்
அப்படியே கேட்டபடி கிடந்தேன்,
கலவையில் பெட்ரோல் கொஞ்சம் தூக்கல் என்று பட்டது.

மார்ச்சில், ரெக்ஸம் தாண்டி
இஃபர் கெதினின் உருளைமேடை.
சங்கிலி கட்டிய மிட்ஜெட்
நின்ற இடத்திலேயே நூறு மைல் ஓடியது.
திரையில் எண்: சக்கரத்தில் ஐம்பத்தெட்டு.
செப்டம்பரில் நாற்பத்தேழு.
பதினொன்றுதான்.
ஒரு குதிரைக்கு நூற்று முப்பது பவுண்டு!
உயிருள்ளதையே வாங்கியிருக்கலாம்,
குட்டையாய் ஒன்று, வைக்கோலோடு.

இஃபர் ஒன்றும் சொல்லவில்லை.
பானெட்டைத் திறந்து டார்ச்சைப் பிடித்தார்.
"மிதிங்க. முழுசா."
"முழுசாத்தான் மிதிக்கிறேன்."
"தரை தட்டுதா?"
"தட்டுது."
"எந்தத் தரை?"

அக்டோபரில், எல்லாவற்றுக்கும் முதலில்,
நானே விரித்த கம்பளம்.
மாட்டு ரத்தச் சிவப்பு, அசல் கம்பளி;
சத்தம் வராதிருக்க அடியில் இரண்டு மடிப்பு ஃபெல்ட்.
மிதி அதில் மெத்தென்று முட்டி நின்றிருக்கிறது,
கார்புரேட்டர் வாய் முக்கால்வாசியே திறந்தபடி.

சாண்ட்விச் வெட்டும் கத்தி, ரொட்டித்தூள் ஒட்டியிருந்தது.
மண்டியிட்டு அரைநிலாவாய் ஒரு துண்டு எடுத்தார்.
அறுபத்தைந்து.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.
என் கதையில் குழி பறித்தவர் இஃபர்,
பறித்த பிறகுதான்
என் குதிகாலடியில் படுத்திருந்த ஏழும் எழுந்தன.
கத்திக்குக் காசு வாங்கவில்லை.
சிரிக்கவும் இல்லை, அதுதான் கொஞ்சம் வலித்தது.

நேர்வழியில் வீடு திரும்ப மனமில்லை.
லான்கோலன் மேலே, லாடம்போல் வளையும் கணவாய்.
மூன்றாவது கியரில் அழுத்தினேன்;
படி முடிந்தது என்று நினைத்த இடத்தில்
இன்னொரு படி இருந்தது.
கால் இறங்கிக்கொண்டே போனது,
சாலை ஏறிக்கொண்டே வந்தது.

இரண்டாம் வளைவில் ஆடுகள்.
சாலை நடுவே ஆறு, வழிவிடும் உத்தேசமே இல்லை.
அறுபத்தைந்து குதிரைகளும் நின்றன.
கூரை திறந்திருந்தது. காற்று அடங்கியபோது
இடதும் வலதும் ஒரே அளவில் சீறுவது கேட்டது.

சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புத் துண்டை எடுத்து நீட்டினேன்.
ஒன்று அருகில் வந்து முகர்ந்தது,
என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு
மறுபடி புல்லுக்குப் போனது.