எல், ஒய்

தூத்தூர் ஜங்ஷனில் எனக்கு ஜெராக்ஸ் கடை.
மனு அடிக்க நாற்பது ரூபாய்,
ஆங்கிலத்தில் என்றால் அறுபது.

மெட்டில்டா அறுபதையும்
மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:
"எனக்க மாப்பிளைக்க பேருக்கு முன்னால
அந்தச் சொல்லு வேண்டாம்."

அலுவலகம் தந்த மாதிரித் தாளில்
புள்ளிக்கோட்டுக்கு முன்பே அச்சாகியிருந்தது:
லேட்.

லட்சத்தீவுப் பக்கம் போன விசைப்படகு.
ஒன்பது பேர்.
புயல் கழிந்து பதினோராம் மாதம்.
ஒரு பலகைகூடக் கரை ஏறவில்லை.

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது" என்றேன்,
புத்தி இல்லாமல்.
"வர லேட்டாவுது. அத நான் சம்மதிக்கேன்.
அது அவருக்குப் பொறத்தால நிக்கட்டு.
முன்னால நிக்கப்பிடாது."

பத்தாம் வகுப்பில் இரண்டு முறை
ஆங்கிலத்தில் தோற்றவன் நான்.
அன்றைக்குத்தான் விளங்கியது.
பெயரை ஒட்டி முன்னால் நின்றால்
ஆள் இல்லை.
வினையைத் தொட்டுப் பின்னால் நின்றால்
ஆள் வழியில் இருக்கிறான்.
எழுத்து அதே நான்கு.

அகராதியைப் புரட்டினேன்.
பக்கத்திலேயே இன்னொன்று கிடந்தது,
வாலில் எல், ஒய்.
அதற்குச் சாவும் தெரியாது, தாமதமும் தெரியாது.
கொஞ்ச நாளாக, அவ்வளவுதான்.

அடித்தேன்:
பனியடிமை
கொஞ்ச நாளாக வீட்டுக்கு வரவில்லை.

வந்துபோய்க்கொண்டிருந்தவனைப் பற்றித்தான்
அப்படிச் சொல்ல முடியும்.
அவனும் அப்படித்தானே,
வருவான், ஐஸ் ஏற்றுவான், போவான்.

மூன்று வாரத்தில் மனு திரும்பியது.
நாகர்கோவிலில் யாரோ நன்றாகப் படித்தவர்.
சிவப்பு மையில்
எல்லையும் ஒய்யையும் மட்டும் வெட்டி,
மிச்சம் நின்றதை வட்டமிட்டு,
அம்புக்குறி இழுத்து
பெயருக்கு முன்னால் கொண்டுபோய் விட்டிருந்தார்.
ஓரத்தில்: மொழிப்பிழை, திருத்தி அனுப்பவும்.

கையெழுத்து அழகாக இருந்தது.

மெட்டில்டா தாளை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
அந்த அம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று
விரலால் தடவிப் பின்னோக்கிப் போனாள்.
"முதல்ல இருந்த மாதிரியே அடியும்."
"திரும்பவும் தள்ளிருவாங்க."
"தள்ளட்டு."

அடித்தேன். எல். ஒய்.
பிரிண்டர் ஒருமுறை சிக்கி, பிறகு விட்டது.
பணத்தை வேண்டாம் என்றேன்.
அவள் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
வாசலில் போய் நின்றாள்,
மார்த்தாண்டம் பஸ் வரும் வளைவைப் பார்த்து.

"போயிருக்குமோ?" என்றேன்.

"இல்ல" என்றாள்.
"லேட்டாக்கும்."