இருபத்தேழின் அட்டை

லாபிஸில் மழை வந்தால்
மனிதர்கள் ஒட்டுக்கடைக்குள் ஒதுங்கிவிடுவார்கள்.
இரும்புக்கு ஒதுங்க இடமில்லை.
வத்தானியா முகாமின் ஆயுதக் கிடங்கில்
இரண்டு பூட்டு, ஒரு கம்பிக்கதவு.
ஈரம் கையொப்பம் போடாமல் உள்ளே வந்துவிடும்.

நாற்பது துப்பாக்கி. நாற்பது அட்டை.
மாதம் ஒரு வரி: தேதி, நிலை, கையெழுத்து.
நிலை என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்,
பாயிக்.
மலாயில், நன்று.

ஞாயிறு பயிற்சி முடிந்து
இருபத்தேழை மேசையில் வைத்தாள் தேவகுஞ்சரி.
"காலித் தோட்டா பாதியில கவ்விக்குது, காப்ரல்.
சத்தமும் வேற மாதிரி இருக்கு."

வார நாளில் அவள் செம்பனை ஆலையில்
கொதிகலன் ஓரம் பேரிங் பார்ப்பவள்.
உடையப்போகும் பேரிங்
உடைவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பேசும் என்பாள்,
கேட்க ஆள் இருந்தால்.

நான் அட்டையை நீட்டினேன்.
பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பாயிக்.
அவள் சொல்லைப் பார்க்கவில்லை, மையைப் பார்த்தாள்.
ஒரே நீலம். ஒரே சாய்வு.
மார்ச்சும் ஏப்ரலும் மேயும்
ஒரே மூச்சில் நடந்து முடிந்த மாதிரி.
"யார் கையெழுத்து இது?"

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.
என்னுடையது.

காரணம் இருந்தது. வெள்ளம், பெருநாள் விடுப்பு,
மனைவிக்கு சிகாமட் மருத்துவமனை.
காரணங்களுக்கு எண்ணெய் தேவையில்லை.
தாமாகவே வழுக்கிக்கொண்டு ஓடும்.

இரவு பிரித்தேன்.
போல்ட்டின் பின்னால் கரி, அரைக்கால் அங்குலத்துக்குத்
தோசைக்கல் அடிபோல.
சுரண்டித் துடைத்து விளக்கில் திருப்பினால்
ஏழு பற்களில் ஒன்றின் அடியில்
மயிரிழைக் கோடு.
கண் நம்பவில்லை. நகம் தடுக்கியது.

அரம் போட்டால் மறையும்.
அப்படி மறைத்த ஆட்களை எனக்குத் தெரியும்,
நல்ல ஆட்கள்தான்.
மறைந்த விரிசல் பிறகு போய் நிற்கும் இடம்
சுடுகிறவரின் கன்னத்துக்கு நாலு விரற்கடை.

சிவப்புச் சீட்டு கட்டினேன்.
மூன்று படிவம், குளுவாங் பட்டறை,
புதுப் போல்ட், இடைவெளி அளந்து பார்த்துச்
சுட்டுப் பார்த்துத் திரும்பி வர ஆறு வாரம்.

கேப்டன் ரஸ்லான் அடுக்கின் முன் நின்றார்.
"சனிக்கிழமை மேலிடம் வருகிறது.
சும்மா நிறுத்தி வை. யார் சுடப் போகிறார்கள்?"
"யார் என்று தெரியாது, துவான்.
அதனால்தான்."

மீதி முப்பத்தொன்பதையும் பிரித்தேன்.
நான்கு இரவு. விரலிடுக்கில் எண்ணெய் நாற்றம்,
சோறு பிசைந்தாலும் போகவில்லை.
துரு ஊசிமுனை அளவில் ஆரம்பிக்கிறது;
எண்ணெய் அதிகமானால் அதுவே தூசிக்குப் பசை.
இன்னும் நான்கு துப்பாக்கி சிவப்புச் சீட்டு வாங்கின.
சனிக்கிழமை அடுக்கில் ஐந்து ஓட்டை,
பால்பல் விழுந்த பிள்ளை சிரித்தது போல.

எனக்கு ஒரு கடிதம் வந்தது.
பாயிக் என்ற சொல் அதில் இல்லை.

நிலை என்ற கட்டத்தில்
பழக்கத்தில் கை பாயிக் என்று எழுதிவிட்டது.
ஓர் எழுத்தைச் சேர்த்தேன்:
பாயிக்கி.
பழுதுபார்.
இத்தனை வருஷம் இந்த மொழியில் சம்பளம் வாங்குகிறேன்,
இரண்டும் இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பது தெரியவில்லை.

ஏழாவது வாரம் இருபத்தேழு வந்தது.
தேவகுஞ்சரி காதோரம் பிடித்து
போல்ட்டை இழுத்து விட்டாள். மறுபடி இழுத்து விட்டாள்.
வெளியே லோரியில் செம்பனைக் குலைகள் குலுங்கிப் போயின.
அது ஓயும்வரை காத்திருந்து
இன்னொரு தடவை.

ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையைக் கேட்டாள்.
கொடுத்தேன்.
ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.