நாலாம் இலக்கக் கம்பு

ஆறு பத்துக்கு வள்ளம் தள்ளினோம்.
எட்மனுக்குத் தடி, எனக்குக் கொப்பி,
இருவருக்கும் நடுவில்
உரப்பை சுற்றிய மீற்றர்ப் பெட்டி.

முதலாம் கம்பில் உப்பு பதினெட்டு.
இரண்டாவதில் இருபத்தொன்று.
மூன்றாவதைக் காணவில்லை.
ஆரோ பிடுங்கிக் கரையில் நட்டு
வலை காயப்போட்டிருக்கிறார்கள்.
"இல்லை" என்று எழுதினேன்,
பிறகு அதை வெட்டி
"இடம் மாறியது" என்று எழுதினேன்.

வட்டுவாகல் பாலத்தில் நின்று
சவுந்தரநாயகம் அண்ணை குரல் கொடுத்தார்:
"என்ன பிள்ளை, தண்ணிக்கு இண்டைக்கு எத்தினை காய்ச்சல்?"
முப்பது தசம் நாலு என்றேன்.
"பனடோல் குடுத்தனீங்களோ?"
அவருடைய பறிக்குள்
நாலு திரளி, ஒரு நண்டு, இரண்டு சொப்பின் பை.
அவற்றையும் எண்ணிக்கொண்டேன்.
"இறால் இன்னும் விரலளவு வரேல்லை,
தொடுவாயை வெட்டக்கூடாது எண்டு எழுது."
வெட்டச் சொல்லி எழுது என்று
நேற்று வயற்காரர் சொன்னதை
அவருக்கு நான் சொல்லவில்லை.

கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவேன்.
கண்ணுக்கு அது மறைகிற ஆழம்தான்
தண்ணீரின் தெளிவு.
போன மாசியில் நாற்பது சென்ரிமீற்றர்,
இன்று ஐம்பத்தைந்து.
கூடியது ஒரு சாணுக்கும் குறைவு.
ஆனாலும் அதற்குள்
ஒரு பற்றைச் சாதாளைக்கு வெயில் கிடைத்திருக்கிறது;
அதற்குள் கூனி இறால், ஊசிமுனைக் கண்களோடு.

நாலாம் கம்பில் சேறு எடுக்கவேண்டும்.
குழாயைச் செங்குத்தாக நிறுத்தி
உள்ளங்கையால் அடித்து இறக்குவது.
பழக்க வந்த கொழும்புப் பிள்ளை
ஒரே மூச்சில் இறக்கிக் காட்டினாள்.
எங்களுக்கு அது வராது.
விரற்கடை விரற்கடையாக,
ஏதும் தட்டுப்படுகிறதா என்று
குழாய்க்குக் காது கொடுத்து.
எட்மன் தடியை அசைக்கமாட்டான்.
இந்த இடம் துப்புரவு என்று
முத்திரை குத்திய கடிதம் இருக்கிறது.
கைக்கு வாசிக்கத் தெரியாது.

வந்தது ஒரு முழம் சேறு.
மேலே மண்ணிறம், ஊரி,
கீழே சாம்பல்,
அதற்கும் கீழே கறுப்பு, கூழ்முட்டை மணம்.
எந்த நிறம் எந்த ஆண்டு என்று
படிவத்தில் ஒரு கேள்வி.
கோடு இழுத்துவிட்டேன்.
தெரியாமல் இழுத்த கோடும்
தெரிந்து இழுத்த கோடும்
ஒரே நீளந்தான்.

கரையோரம் கண்டல்.
அறுநூறு நட்டோம்.
முதல் மாரியில் வெள்ளத்தோடு இருநூறு,
மாடுகளுக்கு ஒரு நூறு.
விருந்தாளிகள் வந்து நட்ட பன்னிரண்டும்
படத்துக்கு வெளிச்சம் பார்த்து நட்டவை,
வற்றுப் பெருக்குப் பார்த்தல்ல.
அவை மறுநாளே சாய்ந்தன.
கொட்டலசு ஏறிச் செத்ததும் போக
இருநூற்றுப் பதினேழு.
இரண்டுதரம் எண்ணினேன்,
இருநூற்றுப் பதினெட்டு வந்தது.

நாங்கள் நடாத ஒன்று.
கண்டல் அல்ல, கண்ணா.
எங்கிருந்தோ மிதந்து வந்து
பாதி புதைந்த மண்மூட்டையில் ஊன்றியிருக்கிறது.
சீலையை வெட்டித் தைத்த மூட்டை.
ஊதாக் கரை இன்னும் சாயம் போகவில்லை,
தையல் கைத்தையல்,
நெருக்கமாக, நேராக,
அவசரத்தில் தைத்தது போலவே இல்லை.
வேர் அந்தத் தையலுக்குள்ளால்
வெளியே வந்து மூச்சு விடுகிறது.

நட்டவை, பிழைத்தவை, செத்தவை.
தானாக வந்ததற்கு நிரல் இல்லை.
"ஒண்டைக் கூட்டி எழுதக்கா" என்றான் எட்மன்,
"ஆர் வந்து எண்ணப்போகினம்?"
நான் எழுதவில்லை.
மூட்டையையும் தொடவில்லை.
பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி
மாடு மிதிக்காமல் நூல் சுற்றினேன்.

ஐந்தாம் கம்புக்குப் போய்ச் சேர
மீற்றரின் பற்றரி முடிந்துபோனது.
எட்மன் விரலைத் தோய்த்து நக்கினான்,
கண்ணை மூடினான்.
"இருவத்தாறு."
இருபத்தாறு என்று எழுதினேன்.
அளந்த கருவி என்ற கட்டத்துக்குள்
பென்சிலால்:
நாக்கு.