மண்டபம் ஆவுளியாக்கள்

கோடு போட்டவன் நான்.
அணியின் வரலாற்றில் என் பெயர் இருக்காது.
வரலாற்றையே யாரும் எழுதவில்லை, அதனால் வருத்தமுமில்லை.

எறால் பண்ணை பாதுஷா மரைக்காயர்
மருமகன் வீட்டில் மூன்று மாதம்
அமெரிக்க டிவி பார்த்துவிட்டு வந்து
அணி ஒன்று வாங்கினார்.
தென்கடல் லீக். ஆறு ஊர், ஆறு அணி.
வாய்க்குக் கம்பி அடைத்த தலைக்கவசம் இருபத்திரண்டு
தூத்துக்குடியில் கப்பலிறங்கி வந்தன.
"இது பந்தா, மிதப்புக்கட்டையா?" என்றான் கெவிகுமார்.
எந்தப் பக்கம் துள்ளுமென்று
அந்தப் பந்துக்கே தெரியாது.

அறுபத்தொரு நாள் தடைக்காலம்.
படகு கரையில், ஆள் திடலில்.
மாதம் பன்னிரண்டாயிரம், ஒப்பந்தத்தில் கையெழுத்து,
நீலப் பனியன், முதுகில் பெயர்.
இன்னாசிக்கு முப்பத்து நாலு. நம்புராஜனுக்கு ஏழு.
களஞ்சியத்தின் முதுகில் எந்த எண்ணும்
சின்னதாகத்தான் தெரிந்தது.

கருவேலை வெட்டிய திடலில்
விடியுமுன் சுண்ணாம்பு தூவுவேன்,
ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு.
ஒன்பது மணிக்குக் கச்சான் எழுந்து
அத்தனையையும் வடகடலுக்கு ஊதிவிடும்.

சட்டம் எளிது என்றார் பெங்களூர்ப் பயிற்சியாளர்:
நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம்.
முடியாவிட்டால் பந்து அவர்களுக்கு.

தூத்துக்குடியிடம் நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம்.
கடலூரிடம் கொஞ்சம் மரியாதையாக.
தொண்டியிடம் தோற்றதை இங்கே எழுத மாட்டேன்.
ஒரே வெற்றி நாகப்பட்டினத்தோடு:
அவர்கள் பஸ்ஸுக்கு
தேவிபட்டினம் தாண்டி அச்சு முறிந்தது.
வராத அணியை வென்றுவிட்டு
அவர்களுக்கும் சேர்த்துச் செய்த பிரியாணியைத் தின்றோம்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு முந்தைய வாரம்
எறாலுக்கு வெள்ளைப்புள்ளி.
மூன்று குளம் ஒரே ராத்திரியில் மிதந்தது.
மரைக்காயர் போனை எடுக்கவில்லை.
இரண்டாம் மாதச் சம்பளம் பாதி.
மூன்றாம் மாதம் ஆட்டக்காரர்கள்
டோக்கன் வாங்க வரிசையில் நின்றார்கள்.
தலைக்கவசத்தோடு பைக் ஓட்டிய களஞ்சியத்துக்கு
உச்சிப்புளியில் அபராதம்.
முத்திரை இல்லையாம்.

ஆடியபோது ஒரு பேப்பரும் எங்கள் படத்தைப் போடவில்லை.
கார்த்திகையில் போட்டார்கள்.
காங்கேசன்துறைப் படகுத்துறையில்
குத்தவைத்த ஐந்து பேர், யாரும் முகம் காட்டவில்லை.
இரண்டு முதுகு நீலம்.
முப்பத்து நாலு. ஏழு.
இன்னாசியின் மனைவி
எண்ணின் மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை.

ஐம்பத்திரண்டு நாள் கழித்து வந்தார்கள்.
படகு வரவில்லை.
"அந்தக் கோட்டையும் நீதான் போட்டியாடா?
ஒண்ணுமே தெரியல" என்றான் நம்புராஜன்.
சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

மீந்த சுண்ணாம்பு மூட்டை
அடைமழையில் கல்லாகிக் கிடக்கிறது.
வள்ளத்துக்கு நங்கூரமாகக் கேட்கிறான் கெவிகுமார்.
கரைந்துவிடும் என்றேன்.
"கரையட்டும்,
அதுவரைக்கும் நிக்கும்ல."