முப்பது நொடி

கெயோன் துறைமுகத்தில் மழைக்கு விடுப்பு கிடையாது.
எனக்கும்.
கேமராவுக்கு உறை இருக்கிறது,
எனக்கு அண்ணன் விட்டுப்போன மேல்சட்டை.

திங்கட்கிழமை சால்மன் பண்ணைக்கு நாற்பது நொடி விளம்பரம்.
மீன்கள் சிரிக்க வேண்டும் என்பதை மட்டும்தான்
அவர்கள் எழுதித் தரவில்லை.
வியாழக்கிழமை, அதே பண்ணையின் வலைக்கடியில்
இறங்கி இறங்கித் தோள்மூட்டு செத்துப்போனவர்களைப் பற்றி
பன்னிரண்டு நிமிட ஆவணப்படம்.
இரண்டுக்கும் ஒரே லென்ஸ்.
துடைத்துவிட்டுத்தான் மாட்டினேன்.

எலிசேயோ நவெல்கினின் சமையலறை.
பதினெட்டு வருடம் முக்குளித்தவர்.
மேல்சட்டையை ஆணியில் மாட்டுவதற்கு
இடது கையால் வலது கையைத் தூக்கிக் கொடுக்கிறார்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதுபோல.
ஃபோகஸ் நழுவிவிட்டது.
"இன்னொரு தடவை?" என்றேன்.
எடுத்தார். மாட்டினார்.
தோளில் ஏதோ சொடுக்கியது,
மைக் அதைப் பிடித்துக்கொண்டது.
நல்ல டேக்.
அதை வாய்விட்டே சொன்னேன்.

பிறகு வழக்கம்போல:
முப்பது நொடி யாரும் அசையாதீர்கள்,
அறையின் சத்தம் வேண்டும்,
வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு.
"ஒன்றுமில்லாததைப் பிடிக்கவா இத்தனை ஒயர்?"
அவர் மனைவி ஒத்தீலியா கேட்டாள்.
கேட்டுவிட்டு அசையாமல் நின்றாள்,
கரண்டி பாதி வழியில்.

துத்தநாகக் கூரையில் மழை.
விறகடுப்பில் ஈரக்கட்டை ஒன்று முனகியது.
கெண்டி கொதிக்கலாமா என்று யோசித்தது.
எலிசேயோவின் மூச்சு
வெளியே வரும்போது மட்டும் மெல்ல விசிலடித்தது.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
நன்றி, என்றேன்.
எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
பூசை முடிந்து கண் திறந்தவர்கள்போல.

ஜூலையில் கதைப்படம்.
சாந்தியாகோவிலிருந்து ரெனாட்டோ உர்சூவா வந்தான்,
இருபது நிமிடம், ஒரு முக்குளிப்பவனின் விதவை,
காஸ்ட்ரோவில் கடலுக்குமேல் கால்வைத்து நிற்கும் வீடு.
எங்கள் தீவில் வருடத்துக்கு நாலு நாள் வெயில்;
அதில் ஒன்றை அன்றைக்கு எடுத்து வைத்திருந்தது வானம்.
தீயணைப்பு வண்டியை வரவழைத்து மழை பெய்தோம்.
அடுப்புக்குள் ஆரஞ்சு பல்பு.
நடிகை கண்ணுக்குக் கீழே மெந்தால் தடவி
ஏழு தடவை அழுதாள்.
ஏழும் நன்றாக இருந்தன, பாவம்.

எடிட்டிங் மேசையில் இரவு இரண்டு மணி.
படத்தில் எல்லாம் இருந்தது, வீடு இல்லை.
சுவருக்குள் யாரும் வாழ்ந்த சத்தமில்லை.
கை தானாகப் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடியது.
அந்த முப்பது நொடியை எடுத்து
அழுகைக்கு அடியில் விரித்தேன்.
போதவில்லை. மூன்று தடவை நீட்டினேன்.
காலையில் ரெனாட்டோ ஹெட்போனைக் கழற்றாமல் சொன்னான்,
"இப்போதுதான் குளிருகிறது."
எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நகராட்சி மண்டபத்தில் திரையிட்டோம்,
இலவசம், உருளைக்கிழங்கு அடையோடு.
மூன்றாம் வரிசையில் அவர்கள் இருவரும்.
நடிகை அழும் இடத்தில் மண்டபமே மூக்கை உறிஞ்சியது.
ஒத்தீலியா மட்டும் திரையைப் பார்க்கவில்லை.
கழுத்தைத் திருப்பி இடதுபக்கம் பார்த்தாள்,
அடுப்பை அணைக்க மறந்தவள்போல.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"அந்தப் பொம்பளை வீட்டில்
என் கெண்டி என்ன செய்கிறது?"
நான் மழையைப் பார்த்தேன்.
எலிசேயோ அடையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"மூச்சு என்னுடையது.
அவள் புருஷன்தான் செத்துப்போனானே,
யார் மூச்சுவிடுவது என்று ஒருத்தரும் கேட்கவில்லையா?"

கேட்கவில்லை. நானும்தான்.

மறுநாள் ரசீதில் ஒரு வரி சேர்த்தேன்:
எ. நவெல்கின், ஓ. நவெல்கின், முப்பது நொடி, மூன்று முறை.
சாந்தியாகோ கணக்காளர் தொலைபேசியில்,
"இவர்கள் என்ன வேலை செய்தார்கள்?"
சும்மா இருந்தார்கள், என்றேன்.
நீண்ட நேரம் சத்தமில்லை;
அவருடைய அறையும் கேட்டது,
மின்விசிறி, யாரோ இழுக்கும் நாற்காலி.
"சரி. தொண்ணூறு நாளில் வரும்."

எலிசேயோவிடம் அப்படியே போய்ச் சொன்னேன்.
தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார்.
"பண்ணைக்காரனும்
இதே நாள்கணக்குத்தான் சொன்னான், யாஸ்னா.
உட்கார். கெண்டி கொதிக்கிறது."