மூன்றாவது சிலிண்டர்

மூன்று வாரமாய் ஆம்னிக்குள் டிக் டிக்.
மிதித்தால் ஓடும், விட்டால் நடக்கும்.
ஆயில் மாற்றினேன், அது மாறவில்லை.

முதுநகர் ஷெட்டில் ஜக்கரியா
நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக்
காதுக்குப் பின் எலும்பில் ஊன்றி
இன்ஜினை அங்கங்கே தொட்டார்.
"மூணாவது. எக்ஸாஸ்ட் வால்வு.
ஆறட்டும், சூட்டுல அளந்தா பொய் சொல்லும்."

இரண்டு டீ, ஒரு தூறல்.
தலைமுடி கனத்தில் ஒரு தகடு
இடுக்கில் போய், லேசாய் உரசி
வந்தது.
நட்டை இறுக்கினார். அறுநூறு, கேஸ்கட்டோடு.

மறுநாள் இருட்டிலேயே ஜிப்மருக்கு.
பின்சீட்டில் வேதநாயகி, வாரம் மூன்று டயாலிசிஸ்.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
அவள் மூச்சு இழுபடுவது
முதன்முதலாய் எனக்குக் கேட்டது.
கிருமாம்பாக்கம் தாண்டியும் தூங்கவில்லை.

"அந்தச் சத்தம் எங்கப்பா?
எண்ணிக்கிட்டே கண்ணசந்துருவேன்."

ரேடியோவைத் திருகினேன்.
அதுவும் ரிப்பேர்.