கேட்டின் அடிக்கம்பி

நாற்பத்தொன்றரை கிலோ என்றார் இரும்புக்காரர்.
துரு உதிரும், நாற்பதாகப் போட்டுக்கொள்வோம் என்றார்.
சரி என்றேன்.

முதுநகரில் எங்கள் தெருவுக்கு
நான்கு முறை தார் போட்டார்கள்.
ஒருமுறையும் பழையதைச் சுரண்டவில்லை.
மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு
இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்.
அடியில் தார் முட்டி
கேட் பாதிதான் திறக்கும்.
ஸ்கூட்டி போகாது.
நான் போவேன், பக்கவாட்டில்.
நாய் தாராளமாகப் போகும்,
நாய் இருந்தால்.

முதல் தார் கலெக்டருடையது.
பேர் வைத்தவன் தம்பி சிகாமணி.
"கலெக்டர் குப்பையைக் கிளறுறார்" என்று
தெருவில் கத்துவதற்காகவே வைத்தான்.
அப்பா தாலுகா ஆபீஸ் பியூன்.
ஆள் வந்திருக்கும்போது "கருப்பா" என்று கூப்பிடுவார்.
கலெக்டர் திரும்பியும் பார்க்காது.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
எங்களுக்கு முன்பே தும்மும்.
மூன்று தும்மல் கேட்டால் அம்மா எழுந்துபோய்
சன்னல்களைச் சாத்துவாள்.
அது செத்த பிறகு வெகுநாள்
அழுகிய முட்டைக்கோஸ் நாற்றத்தில்தான்
விழித்துக்கொண்டோம்.

இரண்டாவது தாரில் டிப்போ.
பணிமனை வாசலில்
பஸ் டயர் நிழலில் கிடைத்தவள்.
டீசல் வாசனையோடு யார் வந்தாலும்
வாலாட்டிக்கொண்டு பின்னால் போவாள்.
அவள் எப்படிச் செத்தாள் என்று
எழுதப்போவதில்லை.
பஸ் என்று மட்டும்.

அவள் போட்டது ஐந்து. நாலைக் கொடுத்தோம்.
ஐந்தாவதைக் கொடுக்காததற்குக் காரணம்
யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.
ஒரு காது மடங்கி, கண்ணில் பீளையோடு
அடுப்படியில் சுருண்டு கிடக்கும்.
பேர்கூட வைக்கவில்லை. ஏய் என்போம்.
அதுவே பேராகிப் போனது.
தெருவில் யார் யாரை அதட்டினாலும்
எங்கள் வீட்டிலிருந்து ஓடிப்போய்
சண்டைக்கு நடுவில் நிற்கும்.
எத்தனையோ சண்டை
அதைப் பார்த்துச் சிரித்தே கலைந்திருக்கிறது.

தானே புயல் வந்த விடியலில்
ஓடுகள் ஒவ்வொன்றாய்க் கிளம்பின.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாங்கள்.
என் முழங்காலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது ஏய்.
பின்கதவு பிய்ந்ததும் வெளியே பாய்ந்தது.
காற்று அதட்டியதை
தன்னைக் கூப்பிட்டதாக நினைத்திருக்கும்.

பத்து நாள் கரண்ட் இல்லை.
சாய்ந்த கம்பங்களைத் தாண்டித் தாண்டி
துறைமுகம் வரை போனேன், உப்பனாற்றுப் பாலம் வரை போனேன்,
ஏய், ஏய் என்று கத்திக்கொண்டு.
படகு ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர்கள்,
தண்ணி லாரி வரிசையில் குடத்தோடு நின்றவர்கள்,
ஊரே திரும்பிப் பார்த்தது,
இந்தப் பெண் யாரை மிரட்டுகிறாள் என்று.

அதன்பின் எங்கள் வீட்டில்
கேட்டுக்குக் கொக்கி போடுவதில்லை.
யாரும் பேசி முடிவு செய்யவில்லை.
அம்மா படுக்கப்போகும் முன் எடுத்துவிடுவாள்.
அப்பா எழுந்துபோய் மாட்டுவார், திருட்டுப் பயம்.
தண்ணீர் குடிக்க எழுந்தவள் மாதிரி
நான் போய் எடுத்துவிட்டு வருவேன்.
மூன்றாவது தார் வந்தது. அப்பா போனார்.
நான்காவது தாருக்குப் பிறகு
திறந்து வைக்கவும் முடியாமல்
சாத்தவும் முடியாமல் அது நின்றது.

அடிக்கம்பியில் ஓரிடம் மெலிந்திருக்கிறது.
கலெக்டர் கடித்ததா துரு தின்றதா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
இரும்புக்காரர் அதைத் தடவிப் பார்த்து
"இதுக்கெல்லாம் காசு கழிக்கல" என்றார் பெருந்தன்மையாக.

மஸ்கட்டிலிருந்து சிகாமணி பேசினான்.
என்ன விலைக்குப் போட்ட?
சொன்னேன்.
கொக்கியையுமா?
அது தனியாக வராதாம்டா, வெல்டிங்.
அப்புறம் அங்கே என்ன வெயில் என்று பேசினோம்.

புது கேட் தள்ளுகிற மாதிரி,
சனிக்கிழமை வருகிறது.
அதுவரை வாசல் முழுசாய்த் திறந்து கிடக்கிறது.
மணி பதினொன்று இருக்கும்.
தெருமுனையில் குடித்திருக்கிற யாரோ
யாரையோ "ஏய்" என்றார்.
எழுந்துபோய்
விளக்கைப் போட்டு
நின்றேன்.